கையில் மூன்று அட்மிஷன், எதில் சேர்வது?

வட சென்னை திருவொற்றியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் எடுக்கிறேன். ரிசல்ட் வந்துவிட்டால் போதும், "மிஸ், மூணு காலேஜ்ல கிடைச்சிருக்கு, எதுல சேரட்டும்?" என்று அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எந்தப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே கல்லூரியில் அதே பி.காம். அரசு உதவி பெறும் பிரிவில் ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவில் அதைப்போலப் பல மடங்கு. பல இடங்களில் காலை ஷிப்ட் எய்டட், மதிய ஷிப்ட் செல்ஃப் ஃபைனான்ஸ். "பெரிய காலேஜ்ல கிடைச்சிடுச்சு" என்ற சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமலே பணம் கட்டப் போகிறார்கள்.

அடுத்தது, ஒரு நோட்டை எடுத்து முழுப் படிப்புக்கும் கணக்குப் போடுங்கள். முதல் செமஸ்டர் ரசீதில் இருப்பது மட்டும் கட்டணம் இல்லை. தேர்வுக் கட்டணம், லேப், சீருடை, கல்லூரிப் பேருந்து, ஆண்டுக்காண்டு ஏறும் தொகை என்று எல்லாவற்றையும் ஆபீசில் கேட்டு எழுதுங்கள். வரவுப் பக்கமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022-இல் வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன், இந்த இரண்டு உதவித்தொகைத் திட்டங்களிலும் மாதம் 1,000 ரூபாய். பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்கள் கட்டணத்துக்குப் பயந்து நல்ல தனியார் கல்லூரியை விடவே கூடாது. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. "நாங்க பேசி வாங்கித் தர்றோம்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது பயணத்தைத்தான். எங்கள் பக்கத்து எர்ணாவூர் பெண் ஒருத்திக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியிலும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலும் இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் தாம்பரம்தான் ஆசை. ஒரு திங்கட்கிழமை காலை அம்மாவும் பெண்ணும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினேன். கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நின்று, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தாம்பரம் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பஸ். இரண்டு பேரும் மதியம் திரும்பியதும் தலைவலி மாத்திரை தேடினார்கள். அவள் பாரதியில் சேர்ந்தாள். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, சாயந்திரம் வந்து டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) வகுப்புக்குப் போகத் தெம்பும் இருக்கிறது. தாம்பரம்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் விடுதியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தினமும் நாலு மணி நேரப் பயணம் படிப்பைத் தின்றுவிடும்.

போகிற அன்று கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் டிபார்ட்மென்ட் எங்கே என்று கேட்டு அங்கே போங்கள். கேன்டீனிலோ பஸ் ஸ்டாப்பிலோ நிற்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். "போன செமஸ்டர்ல எல்லா பேப்பருக்கும் ஆள் இருந்தாங்களா? இன்டர்னல் மார்க் எப்படிப் போடுறாங்க? லைப்ரரி எத்தனை மணி வரைக்கும்?" இந்த மூன்று கேள்விக்கும் அவர்கள் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள். பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டால் கல்லூரி முழுக்க எத்தனை பேர் என்று சொல்வார்கள். உங்கள் பாடத்தில் எத்தனை பேர், என்ன வேலை என்று திருப்பிக் கேளுங்கள். பொறியியல் என்றால், இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். பெண் பிள்ளைகளே, கழிப்பறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர் வராத கல்லூரியில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று. மதிய ஷிப்ட் என்றாலே "இருட்டிடும், பொண்ணு எப்படி வருவா" என்று நல்ல இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. அதே பக்கம் வரும் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சேர்ந்தே வந்துவிடுவார்கள். மறுப்பதற்கு முன்னால் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்றாவது விசாரியுங்கள்.

கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்கள் சான்றிதழ் விஷயத்தில் கவனமாக இருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. எந்தத் தேதிக்குள் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும், அதனால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருக்க வழி உண்டு. மேலே வைத்த கல்லூரியில் நிஜமாகவே சேர்வீர்கள் என்றால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். அது கிடைத்துவிட்டால் கீழே இருப்பது கைவிட்டுப் போய்விடும்.

முடிவு எடுத்த அன்றே, வேண்டாம் என்ற கல்லூரிக்கு எழுத்தில் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிவிடுங்கள். பணம் திரும்ப வர அந்த நகல் வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அந்த இடமும் சீக்கிரம் போய்ச் சேரும்.