ஒரு கோரிக்கையை அரசாணையாக்குவது எப்படி? மாற்றுத்திறனாளி சங்கங்களுக்கான வழிகாட்டி

மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபடும் சங்கங்கள் பலவும் பதினைந்து, இருபது கோரிக்கைகளை ஒரே மனுவில் அடுக்கி அரசிடம் கொடுக்கின்றன. அத்தகைய மனு எந்த ஒரு துறைக்கும் முழுமையாக உரியதாக இல்லாததால், மேசைக்கு மேசை நகர்ந்து, "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடுகிறது. ஆகவே முதலில் ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுத்து, எந்த ஆவணத்தில் எந்த வரி மாறினால் அது நிறைவேறும் என்று கண்டறியுங்கள்.

உதவித்தொகையை உயர்த்த அரசாணையும் நிதி ஒதுக்கீடும் போதும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்குவதற்கோ சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது; தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் அதற்கான திருத்தங்களை நிறைவேற்றியது. அரசு அலுவலகத்தில் சாய்தளம் வேண்டும் என்பது வேறு வகை. அது ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதால், புதிய கொள்கையைக் கேட்காமல், இருப்பதை நடைமுறைப்படுத்தும்படி கேட்க வேண்டும்.

அடுத்து, கோரிக்கைக்குச் சட்டத்தில் என்ன பிடிமானம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 24-ஆவது பிரிவு, பிறருக்கான அதே வகைத் திட்டங்களில் வழங்கப்படும் தொகையைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக வழங்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 25 விழுக்காடு சரியாகப் பொருந்திவிடுகிறது. எனவே அந்தத் தொகையை வைத்து மேலும் உயர்வு கேட்பவர்கள் இப்பிரிவை மட்டும் நம்பினால், அதிகாரி ஒரு நிமிடத்தில் மறுத்துவிடுவார். 2024 ஜூலையில் ஆந்திரப் பிரதேசம் இத்தொகையை 3,000-இலிருந்து 6,000 ரூபாயாக்கியதையும், உங்கள் உறுப்பினர்களின் மருந்து, பயணம், உதவியாளர் செலவுகளையும் எடுத்துவைக்கும் வாதமே அங்கு எடுபடும்.

மனுவின் வாசகம் இந்த வேலையில் பாதி என்பேன். "பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் பயணிக்க ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதினால், யாரும் எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. "இனி வாங்கப்படும் நகரப் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்பலகை இருக்க வேண்டும் என்றும் டெண்டர் நிபந்தனைகளில் சேர்க்க வேண்டும்" என்று எழுதினால், அதை ஏற்கவோ காரணத்தோடு மறுக்கவோதான் முடியும். சென்னைப் பேருந்துகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு, 900 மில்லிமீட்டரா 400 மில்லிமீட்டரா என்ற இந்த அளவைச் சுற்றியே நடந்தது. 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மாநகரில் ஓடத் தொடங்கியதற்கு, செயற்பாட்டாளர்கள் அந்த எண்ணை விட்டுக்கொடுக்காமல் நின்றது ஒரு முக்கியக் காரணம்.

காலமும் முக்கியம். மாநில நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தாக்கலாகிறது என்றாலும், துறைகள் தங்கள் மதிப்பீடுகளைச் சில மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிடுவதால், செலவு சார்ந்த கோரிக்கையை ஜனவரியில் கொண்டுபோவது தாமதமே. ஒவ்வொரு துறைக்குமான நிதி ஒதுக்கீட்டை அவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் எதிர்க்கட்சி உறுப்பினர்களிடமும், அவையில் அப்படியே எழுப்பக்கூடிய கேள்வியை ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் மாநில ஆணையரைப் பல சங்கங்கள் தனிநபர் புகார்களுக்கு மட்டுமே நாடுகின்றன. சட்டத்துக்கு முரணான கொள்கைகளையும் அவர் ஆராயலாம். அவரது பரிந்துரைமீது எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதே சட்டப்படி ஆறு மாதங்களுக்கு ஒரு முறையாவது கூட வேண்டிய மாநில ஆலோசனை வாரியம் உண்மையில் கூடியதா, என்ன முடிவெடுத்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு, அந்தப் பதிலையே மனுவுடன் இணைக்கலாம்.

அதிகாரியைச் சந்திக்கச் செல்லும் குழுவில் பார்வையற்றோர், காது கேளாதோர், மனவளர்ச்சி குன்றியோரின் பெற்றோர் என அந்தக் கோரிக்கையால் பாதிக்கப்படும் அனைவரும் இடம்பெற வேண்டும். சைகைமொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். சந்திப்பில் பேசியதை அன்று மாலையே கடிதமாக்கி அவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

மறியலும் ஆர்ப்பாட்டமும் தேவைப்படும் நேரங்கள் உண்டு. கதவுகள் திறந்ததே அவற்றால்தான் என்று சொல்லத்தக்க வரலாறு நமக்கு இருக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படும்போது நீட்டுவதற்கு முன்வரைவு கையில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தை நாடுவதற்குப் பொறுமை வேண்டும்: 2005-இல் தொடரப்பட்ட ராஜீவ் ரதூரி வழக்கில், பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை விதிகள் வெறும் வழிகாட்டுதல்களாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில்தான்.

அரசாணை வந்ததும் அதன் எண்ணையும் நகலையும் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி, வட்டாட்சியர் அலுவலகம் வரை அது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேராத ஊர்களின் பட்டியலோடு, அதே அதிகாரியிடம் அடுத்த சந்திப்புக்கு நேரம் வாங்குங்கள்.