குளிர்காலத்தில் திடீர் வெப்பம்: பனிச்சரிவு அபாயத்தைக் கணிப்பது எப்படி?

குளிர்காலத்தின் நடுவே சில நாட்கள் வெப்பம் ஏறினால், மலையேற இதைவிட நல்ல வானிலை வாய்க்காது என்று புதியவர்களுக்குத் தோன்றும். பனிப்படலத்துக்கோ அது மிகவும் கெட்ட நேரமாக இருக்கலாம். உருகிய நீர் கீழிறங்கும்போது பனித்துகள்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்கிறது. அந்த நீர் உள்ளே புதைந்த வலுவற்ற அடுக்கு ஒன்றை எட்டிவிட்டால், அதற்கு மேலுள்ள பனி முழுவதும் ஒரே பலகையாக நழுவக்கூடும். புதுப்பனியின் மேல் மழை பெய்தால் எடை கூடுவதும் பிணைப்பு தளர்வதும் ஒருசேர நிகழ்கின்றன.

முதல் படி: அப்பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைப் படியுங்கள். அபாயம் 1 முதல் 5 வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். 3 என்பதை நடுத்தரம் என்று எண்ணி அலட்சியம் செய்ய வேண்டாம். அந்நிலையில் ஒரு மனிதரின் எடையே பனிச்சரிவைத் தூண்ட வாய்ப்பு அதிகம். எண்ணோடு நிறுத்தாமல், ஈரப்பனி பற்றிய குறிப்பு உள்ளதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் படி: முந்தைய இரவின் நிலையை அறியுங்கள். பகலில் எவ்வளவு சூடு என்பதையே பலரும் கேட்கிறார்கள்; நான் முதலில் பார்ப்பது இரவைத்தான். வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வெளியிட்டு, காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பம் திரும்பி வருவதால் உறைதல் நிகழாது, அல்லது காலடியில் நொறுங்கும் மெல்லிய ஓடு மட்டுமே உருவாகும். உறையாத இரவுகள் அடுத்தடுத்து வந்தால், விடியற்காலையில் கிளம்புவதாலும் பாதுகாப்பு கிடைக்காது. செங்குத்தான இடங்களுக்குச் செல்லும் திட்டத்தைக் கைவிடுவதே சரி.

மூன்றாம் படி: மலைச்சரிவின் சாய்வை அளவிடுங்கள். பலகையாக நழுவும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வில் தொடங்குகின்றன. வரைபடத்தின் சமவுயரக் கோடுகளிலிருந்தும், களத்தில் சாய்வுமானியாலும் இதை அறியலாம். நீங்கள் நடக்கும் இடம் தட்டையாக இருப்பது மட்டும் போதாது; மேலே செங்குத்தான சரிவோ, முகட்டில் துருத்தி நிற்கும் பனி விளிம்போ இருந்தால், அது உடைந்து உங்கள் மீதே வந்து விழும். குறுகிய ஓடைப் பள்ளங்களில் சிறிய பனிச்சரிவும் ஆளை ஆழமாகப் புதைத்துவிடும்.

நான்காம் படி: நேரத்தைத் திட்டமிடுங்கள். வட அரைக்கோளத்தில் காலையில் கிழக்குச் சரிவுகளும், நண்பகலில் தெற்குச் சரிவுகளும், பிற்பகலில் மேற்குச் சரிவுகளும் இளகும். வடக்குச் சரிவுகளில் வெயில் குறைவு என்பதால் அவை பாதுகாப்பானவை என்று முடிவு செய்துவிடக் கூடாது; அங்கே நெடுநாள் நிலைத்த வலுவற்ற அடுக்குகள் மீது நீர் முதன்முறையாக இறங்கும்போதுதான் எதிர்பாராத பெரிய பனிச்சரிவுகள் நேர்கின்றன.

ஐந்தாம் படி: நடக்கும்போது பனியைக் கவனியுங்கள். சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவது, பாறைகளின் அடியிலிருந்து விசிறிபோல விரியும் சிறு பனிச்சரிவுகள், கணுக்காலுக்கு மேல் கால் புதைவது, பனியைப் பிழிந்தால் நீர் வடிவது ஆகியவை திரும்பிச் செல்ல வேண்டிய அறிகுறிகள். “டம்” என்ற ஓசையோடு பனி அமிழ்ந்தாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, அருகில் புதிய பனிச்சரிவு தென்பட்டாலோ, குழுவில் விவாதம் தேவையில்லை.

ஆறாம் படி: ஒவ்வொருவரும் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி), துழாவுகம்பி, மண்வாரி மூன்றையும் சுமந்து, பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். அபாயமான இடத்தை ஒவ்வொருவராகவே கடக்க வேண்டும். புதைந்தவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதல் 10–15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. நின்றுவிட்ட ஈரப்பனி மிக இறுகிக் கிடப்பதால் தோண்டுவதும் தாமதமாகும்.

குளிர் திரும்பி, நனைந்த பனி ஆழம்வரை உறைந்த பிறகு பனிப்படலம் பொதுவாக வலுப்பெறும். ஆயினும் அந்த உறைந்த ஓட்டின் மேல் விழும் புதுப்பனி சரியாக ஒட்டாமல் போகலாம் என்பதால், வெப்பம் நிலவிய தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த பனிப்பொழிவுக்குப் பின் அறிக்கையில் அந்த அடுக்கைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.