லினக்ஸில் எழுத்துத் திரை குழம்பினால் செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்குத் திருத்துவதற்கென்று வரும் லினக்ஸ் கணினிகளில் பல, தாமாகப் பழுதானவை அல்ல, பதற்றத்தில் பழுதாக்கப்பட்டவை. திரை கறுத்திருக்கும், அல்லது எழுத்துகள் குழம்பியிருக்கும். திரை வேறு, கணினி வேறு என்பதை மறந்து கை நேரே பவர் பொத்தானுக்குப் போய்விடும்.

அதுதான் முதல் தவறு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படித் திடீரென்று அணைந்த கணினி, அடுத்த முறை எழும்பும்போது கோப்பு முறைமையைச் சரிபார்க்கக்கூடும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் அந்தச் செய்திகளை முகப்புப் படம் மறைத்துவிடும். எஸ்கேப் விசையை அழுத்தினால் பெரும்பாலும் படம் விலகி எழுத்துகள் தெரியும். பொறுக்காமல் அந்த நேரத்தில் மறுபடி அணைத்தால் கீறலைப் புண்ணாக்கிக்கொள்கிறோம்.

கேப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் உயிரோடு இருக்கிறது. பிறகு கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். படங்கள் இல்லாமல் கட்டளைகளை மட்டும் தட்டும் எழுத்துத் திரை வந்து பயனர் பெயர் கேட்டால், கோளாறு வரைகலைப் பக்கத்தில்தான். மடிக்கணினி என்றால் டோர்ச் லைட்டைத் திரைக்குச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் போனது பின்னொளி மட்டுமே.

எழுத்துத் திரை உறைந்துவிட்டது என்று சொல்பவர்களில் சிலர், சேமிக்கும் பழக்கத்தில் கொன்ட்ரோலோடு எஸ் விசையை அழுத்தியவர்கள். கொன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் ஓடத் தொடங்கும். படக் கோப்பு ஒன்றை, கோப்பை எழுத்தாகக் காட்டும் ‘கேட்’ (cat) கட்டளையால் திறந்து எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறிவிட்டால், தட்டுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ‘ரீசெட்’ (reset) என்று தட்டி என்டர் கொடுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது. என் தங்கையின் மகன் ஒருநாள் எழுத்துத் திரையில் தன் படக் கோப்புறைகளைப் பட்டியலிட்டிருக்கிறான். ‘நல்லூர்த் தேர்’ இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சிறு கட்டங்கள். வன்தட்டு கெட்டுவிட்டது என்று தானே தீர்ப்பு எழுதி, முழுவதையும் அழித்து உபுண்டுவைப் புதிதாக நிறுவிவிட்டான். அவன் அழிக்கும் வரை படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. லினக்ஸின் எழுத்துத் திரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களையே வைத்திருக்கும். அவற்றில் தமிழ் இருப்பதில்லை. எழுத்துருவை மாற்றினாலும் முழுப் பயன் இல்லை. ‘கொ’ என்பதற்குக் ககரத்தின் முன்னும் பின்னும் குறி வர வேண்டும். கட்டத்துக்கு ஒரு வடிவமாக நிரப்பிக்கொண்டு போகும் அந்தத் திரைக்கு அப்படிச் சேர்த்துக் கோக்கும் வேலை தெரியாது.

கட்டங்களுக்குப் பதிலாக 340, 256 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் வேறு. அவை தமிழ் எழுத்துகளின் யூனிகோட் பைட்டுகள், எட்டடிமான எண்களில். ‘ந’ என்பது 340, 256, 250. மொழி அமைப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் இல்லை என்று பொருள். அதைத் திருத்தினால் போதும். இரண்டிலும் கோப்பு பத்திரமாகவே இருக்கிறது. வரைகலைச் சூழலின் டெர்மினலிலோ, இன்னொரு கணினியிலிருந்து வலையமைப்பில் உள்நுழையும் எஸ்எஸ்எச் வழியாகவோ பார்த்தால் பெயர் தெரியும். கணினியைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்கள் (நானும்தான்) எழுத்துத் திரையில் வேலை செய்யும்போது அந்த அமர்வின் மொழியை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பிழைச் செய்தியே கட்டங்களாக வரும்.

கடைசியாக ‘நோமோட்செட்’ (nomodeset). கணினி எழும்பும்போது வரும் கிரப் (GRUB) பட்டியலில் ஈ (e) விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் முடிவில் இதைச் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் கறுத்த திரை பல சமயம் விழித்துக்கொள்ளும். அந்த மாற்றம் அந்த ஒரு முறைக்குத்தான். பலர் அதை அமைப்புக் கோப்பிலேயே எழுதி நிரந்தரமாக்கிவிடுகிறார்கள். கேர்னல், திரையை இயக்கும் மென்பொருளான தன் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பயன்படுத்தாமல் தடுக்கும் சொல் அது. உள்ளே நுழைந்து சரியான டிரைவரைப் போடும் வரைக்குமே தேவை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ரியூட்டரி (தனியார் வகுப்பு) நடத்தும் ஒருவரின் கணினியில் வீடியோ திக்கித் திக்கி ஓடியது. போய்ப் பார்த்தால் எப்போதோ யாரோ எழுதிவைத்த அதே சொல். அதை நீக்கி, ‘அப்டேட்-கிரப்’ (update-grub) கட்டளையைக் கொடுத்து மீண்டும் தொடக்கினேன். வீடியோ ஒழுங்காக ஓடியது. அதற்குள் அவர் புதிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு முற்பணம் கட்டியிருந்தார்.