துறைமுகத்தில் தூண்டில் போடப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துறைமுகத்துக்கு முதன்முறை தூண்டிலோடு வருகிறவர்களில் பலரும் சுவர் விளிம்பில் நின்று, கைவலு உள்ள மட்டும் தூரத்துக்கு வீசுகிறார்கள். திறந்த கடற்கரையில் அதற்குக் காரணம் உண்டு. அலை உடையும் இடத்தைத் தாண்டி இரை விழ வேண்டும். துறைமுகத்தில் நிலைமை வேறு. கப்பல் போக ஆழப்படுத்திய நடுப்பகுதி பெரும்பாலும் வெறும் சேறு; மீன் ஒதுங்க அங்கே இடமில்லை. உணவும் மறைவும் நம் கால்மாட்டில்தான் இருக்கின்றன. சுவரிலும் தூண்களிலும் சிப்பியும், கொட்டலசு என்ற கூரான ஓட்டுயிரும், பாசியும் அப்பிக் கிடக்கும். அவற்றின் இடுக்கில் சிறு நண்டும் இறாலும் புழுவும் வாழும். அவற்றைத் தின்ன மீன் வரும். அதனால் முதல் ஒரு மணி நேரமாவது சுவரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் இரையை நேராகக் கீழே இறக்கிப் பாருங்கள். அடியில் கொத்து இல்லையென்றால் ஒரு மீட்டர் உயர்த்துங்கள், பிறகு இன்னொரு மீட்டர். ஒரே ஆழத்தில் நாள் முழுக்க வைத்திருப்பதும் தூரம் வீசுவதைப் போன்ற தவறுதான்.

இரவில் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழும் இடங்களுக்கு இது இன்னும் பொருந்தும். வெளிச்ச வட்டத்தின் நடுவில் துள்ளுவது பொடி மீன்கள். அவற்றை வேட்டையாடும் மீன் நிழலின் விளிம்பில், இருட்டுக்குள் நின்று காத்திருக்கும். இரை இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கி, அந்த விளிம்பை ஒட்டி நகர வேண்டும்.

அடுத்த தவறு, நமக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் போவது. துறைமுக நீர் ஏற்றவற்றத்தால்தான் ஓடுகிறது. நீர் ஓடும்போதுதான் இரை மிதந்து வரும், மீனும் மேயக் கிளம்பும். நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் கடல்களில், ஒரு ஏற்றம் முழுமையாக ஏறுவதற்கு 6 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த உயர்வில் ஏறக்குறையப் பாதி மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் நடந்துவிடும். முழு ஏற்றத்தின் உச்சியிலும் முழு வற்றத்தின் அடியிலும் நீர் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். கொத்தும் பெரும்பாலும் அப்போது நின்றுபோகும். உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து, நீர் திரும்பி ஒரு மணி நேரம் வரை என்று திட்டமிடுவது புதியவருக்கு நல்ல தொடக்கம். ஏற்றவற்ற அட்டவணையைத் தினமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி வேகமாக ஓடும். அட்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். ஓட்டம் கடுமையான நாளில் இரையை அடியில் நிறுத்தும் ஈயக் குண்டின் எடையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கருவிகளில் புதியவர்கள் எல்லாவற்றையும் பெரிதாகவே வாங்குகிறார்கள். துறைமுகத்துக்கு 7 முதல் 9 அடி ராடு, 3000 அல்லது 4000 அளவு ரீல், சுமார் 0.30 மி.மீ. தடிமன் உள்ள சாதாரண நைலான் நரம்பு போதும். பின்னல் நரம்பு மெல்லியது, வலுவானது. ஆனால் கொட்டலசு ஒருமுறை உரசினாலே அறுந்துவிடும். அதைப் பயன்படுத்துவதானால் முனையில் 0.40 முதல் 0.50 மி.மீ. நைலான் ஒரு மீட்டராவது சேர்த்துக் கட்டுங்கள்.

தூண்டில் முள்ளின் எண்ணில் பலர் குழம்புகிறார்கள். 10 என்பது 6-ஐ விடச் சின்ன முள். எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-ஐத் தாண்டியபின் 1/0, 2/0 என்று எண்ணோடு அளவும் ஏறும். சுவரோரம் மேயும் மீன்களில் பலவற்றுக்கு வாய் சிறியது. பெரிய முள்ளில் பெரிய இறாலைக் கோத்தால் ஓரங்களைக் கொறித்துவிட்டுப் போய்விடும். 6 அல்லது 8-ஆம் எண் முள்ளில், விரல் நகம் அளவு இரையோடு தொடங்குங்கள். பெரிய மீன் இருப்பது தெரிந்தபின் முள்ளைப் பெரிதாக்கலாம்.

முடிச்சு பெரும்பாலும் கவனக் குறைவால்தான் அவிழ்கிறது. நரம்பை முள் கண்ணில் நுழைத்து, தன்மேலேயே 5 அல்லது 6 சுற்று சுற்றி, முனையைக் கண்ணருகே உள்ள வளையத்திலும் பிறகு பெரிய வளையத்திலும் விட்டு, இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைக்க வேண்டும். உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் அறும். இறுக்கிய பிறகு கையால் ஒருமுறை பலமாக இழுத்துச் சோதித்துவிட்டு, நுனியை 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை வழுக்கவிடும் பிடியை, முழுதும் இறுக்கி வைப்பதும் அதே அளவு இழப்பைத் தரும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் டிராக் வழுக்கத் தொடங்க வேண்டும். 6 கிலோ தாங்கும் நரம்புக்கு 1.5 முதல் 2 கிலோ. நரம்பின் முனையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தூண் அருகே மீன் மாட்டினால், அது தூணைச் சுற்றுமுன் திருப்ப வேண்டும்; அப்போது ரீல் சுருளை விரலால் அழுத்திக் கூடுதல் பிடி கொடுங்கள், டிராக் திருகைத் தொட வேண்டாம்.

இரை புதிதாக இருக்கட்டும். பலமுறை உருகி உறைந்த இறாலும் கணவாயும் கூழாகி, நீரில் விழுந்ததுமே முள்ளிலிருந்து கழன்றுவிடும். ஐஸ் உருகும் நீர் இரையில் படாமல் மூடி வையுங்கள். முள்ளின் கூர் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்; இரைக்குள் புதைந்த கூர் மீனின் வாயில் ஏறாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நண்டு சத்தமில்லாமல் தின்று முடித்திருக்கும், நாம் வெறும் முள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அடியில் சிக்குவது துறைமுகத்தில் தவிர்க்க முடியாதது. பழைய கயிறும் சங்கிலியும் கற்களும் நிறைந்த தரை அது. ஈயத்தை மட்டும் முக்கிய நரம்பைவிட மெல்லிய துண்டு நரம்பில் கட்டினால், சிக்கும்போது ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் திரும்பி வரும். சிக்கியதை ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை நரம்பின் திசைக்கு நேராக நீட்டி, பின்னோக்கி நடங்கள். நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் தோல் அறுபடும். துணி சுற்றிய கட்டையில் சுற்றுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், விடுபட்ட ஈயம் வேகமாகத் திரும்பி வரும்.

மீனைத் தூக்குவதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நீரில் மிதக்கும் 3 கிலோ மீனை நரம்பு எளிதாகத் தாங்கும். சுவர்மேல் தொங்கித் துள்ளும்போது அதே நரம்பு அறும், அல்லது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். கயிற்றில் இறக்கும் வளைய வலை ஒன்று தேவை. அதன் கயிறு முழு வற்றத்திலும் நீரைத் தொடும் நீளத்தில் இருக்க வேண்டும். ஏற்றத்தின்போது அளந்துவிட்டு வந்தவர் வற்றத்தில் வலை எட்டாமல் தவிப்பார்.

பிடித்ததைப் பெயர் தெரியாமல் கையால் பற்றாதீர்கள். கெளிற்று மீனின் முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் விஷ முள் உண்டு; கல்மீனின் முதுகிலும் திருக்கையின் வாலிலும் உண்டு. தூண்டில் முள்ளை இடுக்கியால் கழற்றுங்கள். குத்திவிட்டால், காயத்தை 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சூட்டைக் காயம்படாத கையால் சோதியுங்கள், வலிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பேத்தை மீனை உண்ணவே கூடாது, அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது.

நிற்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. சர்வதேசக் கப்பல் வரும் துறைமுகங்களில் 2004 ஜூலை 1 முதல் ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள் அமலில் உள்ளன. பல சரக்குத் தளங்களுக்குள் பொதுமக்கள் நுழைய முடியாது. அனுமதி உள்ள இடம் எது என்று முதலில் கேளுங்கள். கப்பலைக் கட்டிய கயிற்றுக்கு அருகில் எங்கும் நிற்காதீர்கள். இறுகிய கயிறு அறுந்தால் உயிரைப் பறிக்கும் வேகத்தில் பின்னடிக்கும். கறுத்த, பச்சை படிந்த கற்கள் ஏற்ற நீருக்குக் கீழே இருப்பவை, வழுக்கும். கப்பல் கடந்த சில நிமிடங்களில் வரும் அலை அங்கே நிற்பவரை இழுத்துவிடும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். மின்கம்பியின் கீழ் வீசக்கூடாது, இடி கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும்.

வெட்டி எறிந்த நரம்புத் துண்டு பறவையின் காலில் சுற்றும், படகின் உந்துவிசிறியில் சுற்றி அச்சின் நீர்த்தடுப்பை அறுக்கும். ஒரு டப்பாவில் சேர்த்து எடுத்துப் போங்கள். வீடு திரும்பியதும் டிராக் திருகை இறுக்கிவிட்டு ரீலை நன்னீரில் மெதுவாகக் கழுவுங்கள். வேகமான நீர்ப்பாய்ச்சல் உப்பை உள்ளே தள்ளும். உலர்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். நரம்பின் கடைசி 2 மீட்டரை விரலுக்கிடையே ஓடவிட்டு, சொரசொரப்பு தட்டினால் அதுவரை வெட்டிவிட்டுப் புது முடிச்சு போடுங்கள்.