சிஎஸ்வி ஃபைலில் எண்ணும் தேதியும் தானாக மாறுகிறதா? இப்படிச் செய்யுங்கள்

சிஎஸ்வி ஃபைலைப் பைத்தானில் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகம்) வைத்துத் திறக்கிறீர்கள். 00417 என்றிருந்த ரோல் நம்பர் 417 ஆகிவிட்டது, 12 என்றிருந்த வயது 12.0 ஆகிவிட்டது. உடனே கோடில் தப்பு தேடி உட்கார வேண்டாம். சிஎஸ்வியில் இருப்பது வெறும் எழுத்தும் கமாவும்தான், எது எண், எது தேதி என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. திறக்கிற மென்பொருள் தானாக ஊகிக்கிறது, தப்பாக ஊகித்தாலும் நம்மிடம் சொல்வதில்லை.

அதனால் முதலில் நோட்பேட் மாதிரி ஏதாவது ஒன்றில் ஃபைலைத் திறந்து மேலே உள்ள சில வரிகளைக் கண்ணால் பாருங்கள். எக்செலில் வேண்டாம், ஊகிப்பதில் அது இன்னும் மோசம். 'மார்ச்1' என்ற மரபணுவின் பெயரை அது தேதியாக மாற்றி மாற்றி, கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் அந்த மாதிரிப் பெயர்களை மாற்றிக்கொண்டது!

அப்புறம் ஃபைலைத் திறக்கும் கட்டளையான ரீட் சிஎஸ்வி (read_csv) எழுதும்போது டிடைப் (dtype, தரவு வகை) என்பதற்கு எஸ்டிஆர் (str, எழுத்து) கொடுங்கள். எல்லாப் பத்தியும் (நெடுவரிசையும்) எழுத்தாகவே வரும், முன்னால் இருக்கும் பூஜ்யம் பிழைக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: 'என்ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைப் பாண்டாஸ் 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும், ஆனால் நமீபியாவின் நாட்டுக் குறியீடே அதுதான். நாடுகள் பட்டியலில் நமீபியா மட்டும் காலியாக இருந்தால் காரணம் இதுதான், ரீட் சிஎஸ்வியிலேயே கீப் டிஃபால்ட் என்ஏ (keep_default_na) என்பதை ஃபால்ஸ் (False) ஆக்கினால் சரியாகிவிடும்.

இனி கணக்குப் போட வேண்டிய பத்தியை மட்டும் எண்ணாக்குங்கள். 1,25,000 என்று கமா போட்டிருந்தால் முதலில் கமாவை நீக்கிவிட்டு டு நியூமரிக் (to_numeric) கொடுங்கள், அதில் எரர்ஸ் (errors) என்பதற்கு கோயர்ஸ் (coerce) போட்டால் எண்ணாக மாறாத வரிகள் காலியாக நிற்கும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த வரிகளைத் தனியே பிரித்துப் பாருங்கள், ஃபைலின் உண்மையான கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தேதிதான் ரொம்பப் படுத்தும். 03/04/2024 நமக்கு ஏப்ரல் 3, பாண்டாஸுக்கோ வழக்கமாக மார்ச் 4. எரரும் வராது, தப்பான மாதத்தில் கூட்டிக்கொண்டே போகும். தேதியாக மாற்றும் டு டேட்டைமில் (to_datetime) ஃபார்மட்டை நாள், மாதம், வருடம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், ஊகிக்க விடவே விடாதீர்கள்.

இரண்டு பட்டியலைத் தமிழ்ப் பெயரை வைத்து இணைக்கும்போது பாதி சேரவில்லையா? ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை ஸ்ட்ரிப் போட்டு நீக்குங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் 'கொ' மாதிரி எழுத்துகளைச் சந்தேகப்படுங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், திரையில் ஒரே மாதிரி தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு. பைத்தானின் யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூலின் நார்மலைஸில் (normalize) 'என்எஃப்சி' (NFC) கொடுத்து இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு இணையுங்கள்.

முடிவை எக்செலில் பார்ப்பவருக்கு அனுப்பினால், எழுதும்போது என்கோடிங்கை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று வையுங்கள். வெறும் யுடிஎஃப்-8 என்றால் டபுள் கிளிக் செய்து திறப்பவருக்குத் தமிழ் குப்பையாகத் தெரியலாம். 16 இலக்கக் கணக்கு எண் இருந்தால் சிஎஸ்வியே வேண்டாம், அந்தப் பத்தியை எழுத்தாகவே வைத்து எக்செலின் சொந்த ஃபைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸாக (xlsx) அனுப்புங்கள், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.