டிஸ்க் எத்தனை சதவீதத்தில் நின்றது?

டிவிடி எழுதும்போது பாதியில் பிழைச்செய்தி வந்தால் பலரும் உடனே ரைட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, எத்தனை சதவீதத்தில் நின்றது என்றுதான். கல்யாண வீடியோ, பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டியின் குரல் என்று சொந்தக்காரர்களுக்கு டிஸ்க் எழுதிக் கொடுக்கிறவன் நான். அந்த ஓர் எண்ணே பல நேரங்களில் கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொடக்கத்திலேயே நின்றால்: டிஸ்க் உள்பக்கத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. எழுதத் தொடங்கும் முன் ரைட்டர், உள்பக்கத்தில் அதற்கென்றே ஒதுக்கிய சிறு பகுதியில் லேசரைச் சோதித்து, இந்த டிஸ்குக்கு எவ்வளவு பவர் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். 'பவர் காலிபரேஷன் எரர்' என்று வந்தால் அந்தச் சோதனையே சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது எழுதினால் ரைட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பழைய டிஸ்க் அதற்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எதைப் போட்டாலும் எழுதவில்லை என்றால் லென்ஸில் தூசி இருக்கலாம், அல்லது லேசர் பலம் குறைந்திருக்கலாம்.

சிடி எழுதுகிறது, டிவிடி மட்டும் எழுதவில்லை என்றால் குழம்ப வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர், இரண்டும் தனித்தனி. ஒன்று பழுதானாலும் மற்றது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

90 சதவீதத்துக்கு மேல் போய் நின்றால் என் சந்தேகம் டிஸ்க் மீதும் வேகத்தின் மீதும்தான். வெளி விளிம்பில்தான் விரல் படும், கீறல் விழும், மலிவான டிஸ்கில் பூச்சும் அங்கேதான் சீரில்லாமல் இருக்கும். போதாததற்கு 16எக்ஸ் (அதாவது அடிப்படை வேகத்தைப் போல் 16 மடங்கு) என்று போட்டிருக்கும் ரைட்டர் அந்த முழு வேகத்தை எட்டுவதும் அந்த விளிம்புக்குப் பக்கத்தில்தான். 16எக்ஸ் டிஸ்கை 8எக்ஸில் எழுதுங்கள். அதற்காக இருப்பதிலேயே குறைந்த வேகத்துக்கும் போகாதீர்கள். வேகமாக எழுதவே தயாரான டிஸ்குகள் மிக மெதுவாக எழுதும்போது சில ரைட்டர்களில் மோசமாக வருவதுண்டு. நடு வேகம்தான் என் தேர்வு.

இடையில் எங்கெங்கோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? அப்போது டிஸ்கை விட்டுவிட்டு கம்ப்யூட்டரைக் கவனியுங்கள். டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 1,385 கேபி. 16எக்ஸுக்கு 22 எம்பி வரை தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தரவு தாமதமானால் சற்று நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இப்போதைய ரைட்டர்களில் உண்டு. ஆனாலும் பென் டிரைவிலிருந்தோ நெட்வொர்க் வழியாகவோ நேரடியாக எழுதாமல், கோப்புகளை முதலில் ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொள்ளுங்கள். யுஎஸ்பி வழியாக இணைக்கும் மெல்லிய ரைட்டர் என்றால் மின்சாரமும் ஒரு காரணம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், எழுதும்போது ரைட்டருக்கு அது போதாமல் போகலாம். ரைட்டர் திடீரென மறைந்து மறுபடி தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வேண்டாம்; கேபினட்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிள் இருந்தால் இரண்டையும் செருகிவிடுங்கள்.

எழுதவே ஆரம்பிக்காமல் இடம் போதாது என்று சொன்னால் கணக்கைப் பாருங்கள். அட்டையில் 4.7 ஜிபி என்று இருப்பது விண்டோஸ் கணக்கில் சுமார் 4.38 ஜிபிதான். விண்டோஸ் 4.5 ஜிபி என்று காட்டும் ஃபோல்டர் அதில் அடங்காது.

அப்புறம், வெற்றிகரமாக முடிந்தது என்று சொன்ன டிஸ்க் டிவிடி பிளேயரில் ஓடாத கதை. விண்டோஸ் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: யுஎஸ்பி பிளாஷ் டிரைவ் போல வேண்டுமா, சிடி, டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமா என்று. பிறருக்குக் கொடுப்பதென்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். முதல் முறையில் எழுதியதைப் பல பிளேயர்கள் படிக்காது. ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு முழு டிஸ்கின் நகலை அடக்கிய ஒற்றைக் கோப்பு) இழுத்துப் போட்டு எழுதினால் டிஸ்கில் அந்த ஒரே கோப்புதான் இருக்கும். விண்டோஸ் 7 முதல், அதை ரைட் கிளிக் செய்தாலே டிஸ்க் இமேஜை பர்ன் செய்யும் வசதி இருக்கிறது. வெறும் எம்பி4 கோப்பை எழுதினால் பழைய பிளேயருக்கு அது புரியாது. டிவிடி வீடியோவாகவே மாற்றி எழுத வேண்டும்.

இம்ஜ்பர்ன், கே3பி போன்ற இலவச மென்பொருள்களில் எழுதி முடித்ததும் சரிபார்க்கும் 'வெரிஃபை' வசதி உண்டு. நேரம் பிடிக்கும், ஆனாலும் நான் அதை ஒருபோதும் விடுவதில்லை. எழுதிய ரைட்டரே படித்துவிட்டது என்பதும் எனக்குப் போதாது. டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரிலோ பிளேயரிலோ போட்டு, வெளி விளிம்பில் இருக்கும் கடைசிக் கோப்பு வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஹார்ட் டிஸ்கில் உள்ள மூலக் கோப்பை அழிப்பேன்.