கட்டியை எடுத்தாச்சு, மீதி வயிறு?

யாங்கோனில் கொன்சேடான் தெருக் காளி கோவிலுக்குப் பக்கத்தில் தோசை போட்டு விற்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வாய் வழியாகக் கேமராக் குழாய் (எண்டோஸ்கோபி) விட்டு என் இரைப்பையிலிருந்து அடினோமா என்கிற ஒரு கட்டியை எடுத்தார்கள். புற்றாகக் கூடியது, ஆனால் அதுவரை புற்று இல்லை. "எடுத்தாச்சுல்ல அக்கா, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றான் தம்பி.

அடுக்குப் பானையில் மாவு புளித்துவிட்டால் மேலே ஒரு கரண்டி அள்ளிக் கொட்டினால் போதுமா? அதே கதைதான். ஒரு இடத்தில் கட்டி வந்தது என்றால், வருடக்கணக்காக அழன்றுபோன உள்தோல் மற்ற இடங்களிலும் இருக்கும். வேறோர் இடத்தில் புதிதாக வரலாம். அதனால் நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டை, அதாவது எடுத்த சதையைச் சோதித்த அறிக்கையை, வாங்கிப் பத்திரமாக வையுங்கள். செல்களின் மாற்றம் குறைந்த தரமா, உயர்ந்த தரமா (உயர்ந்தது என்றால் புற்றுக்கு நெருக்கம்), வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சமில்லாமல் சுத்தமாக வந்ததா என்று கேளுங்கள். அடுத்த குழாய் எப்போது என்பது அதைப் பொறுத்தது. எனக்கு ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று என்றார்கள்.

அப்புறம் கிருமி. இரைப்பையில் தங்கி உள்தோலை அழற்றுகிற ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். 2018இல் வெளிவந்த கொரிய ஆய்வு ஒன்றில், ஆரம்பநிலைப் புற்றோ உயர்தர அடினோமாவோ எடுத்தவர்களைச் சுமார் ஆறு வருடம் கவனித்தார்கள். கிருமியை ஒழிக்க மருந்து கொடுத்தவர்களில் 100க்கு 7 பேருக்குப் புதிய புற்று வந்தது. மருந்தில்லாதவர்களில் 100க்கு 13 பேருக்கு. பாதியாகக் குறைந்தது, பூஜ்யமாகவில்லை. கிருமி போனாலும் குழாயை நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

கிருமியை ஒழிக்க எனக்குப் பதினான்கு நாள், நான்கு மருந்து. வாயெல்லாம் இரும்புக் கசப்பு. அதில் ஒன்றான பிஸ்மத் மாத்திரையில் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மாத்திரை இல்லாமலேயே தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கறுத்தால், கூடவே தலை சுற்றினால், அது ரத்தக்கசிவு. கட்டி எடுத்த பிறகு சில வாரம் வரை வரலாம். அன்றே ஓடுங்கள்.

மருந்து முடிந்து சில வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை நிறுத்தாமல் போய் ஊதினேன். கிருமி இல்லை என்று வந்தது, ஆனால் அந்த முடிவை நம்ப முடியாது. ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத்தும் முடிந்து குறைந்தது நான்கு வாரம், அமில மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் கட்டி எடுத்த இடத்துப் புண் ஆறும் வரை அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டு நாள் குறியுங்கள்.

குழாய் விடுகிற நாளில் வெறும் வயிறு. வெற்றிலை போடுகிறவர்கள் அன்று விட்டுவிடுங்கள். என் வாயின் சிவப்பைப் பார்த்து நர்ஸ் ரத்தமோ என்று பதறிப்போனார்.

சிகரெட், செரூட் (பர்மாச் சுருட்டு) பிடிப்பவர்கள் நிறுத்த வேண்டும், அதில் பேரமே இல்லை. உப்பும் குறைய வேண்டும். கருவாடு எனக்குச் சுலபமாகப் போய்விட்டது. ஙப்பி என்கிற உப்பிட்டுப் புளிக்கவைத்த பர்மிய மீன் விழுது இல்லாமல்தான் சோறு இறங்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், விரல் நுனி அளவு.